நாலாவது அடி

கோடம்பாக்கத்தில் பேய் வந்தால்தான் என்னைக் கூப்பிடுவார்கள். டூயட்டுக்கு ஒருத்தர் இருப்பார், குத்துப்பாட்டுக்கு ஒருத்தர், அம்மா சாகும் காட்சிக்கு வயலின் வாசிக்க ஆறு பேர். கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை மேலே வர வேண்டும் என்றால் மட்டும் பெரம்பூருக்கு ஃபோன் வரும். இருபத்தாறு வருடமாக இதுதான் பிழைப்பு. எபனேசர் என்று எனக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் ஸ்டுடியோ வாட்ச்மேனிலிருந்து கேன்டீன்காரர் வரைக்கும் எல்லாருக்கும் நான் பேய் எபிதான்.

பேய் இசை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. சுரங்கள் மொத்தம் பன்னிரண்டு. கீபோர்டில் வெள்ளைக் கட்டை ஏழு, கறுப்பு ஐந்து, அவ்வளவுதான். நாம் பாடும் எந்தப் பாட்டிலும் ஒரு சுரம் முதலாளியாக இருக்கும், மற்றதெல்லாம் அதைச் சுற்றி வேலை பார்க்கும். நம்மூரில் அந்த முதலாளிக்குச் சட்ஜமம் என்று பெயர். பாட்டு எங்கே ஊர் சுற்றினாலும் கடைசியில் அங்கே வந்து உட்கார்ந்துவிடும். நூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் சில பேர் இதில் சலித்துப் போய், முதலாளியே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். பன்னிரண்டு சுரங்களையும் ரேஷன் கடை மாதிரி வரிசையில் நிறுத்து. பன்னிரண்டு பேரும் வாங்கி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் இரண்டாவது தடவை வரக் கூடாது. அந்த வரிசையைக் கடைசியிலிருந்து வாசிக்கலாம், தலைகீழாகக் கவிழ்க்கலாம், மொத்தமாக ஏற்றி இறக்கலாம். முந்தல் மட்டும் கிடையாது. கேட்கிற காதுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியாது, எங்கே போய் உட்காருவது என்றும் தெரியாது. அதனால்தான் பேய்க்கு அவ்வளவு பொருத்தம்.

என் மனைவி சுகிர்தாவுக்கு இந்த இசை அறவே பிடிக்காது. சர்ச் பாடகர் குழுவில் ஆல்ட்டோ என்னும் கீழ்க்குரல் பாடுகிறவள். நான் வீட்டில் கீபோர்டைத் திறந்தால் மிக்ஸியைப் போட்டுவிடுவாள். எங்கள் கல்யாணத்துக்காக நான் எட்டடியில் ஒரு பாட்டுக்கு மெட்டமைத்தேன். யாரும் பாடக் கூடிய எளிமையான மெட்டுதான். ஒத்திகையில் மணப்பெண்ணே நாலாவது அடியில் காந்தாரத்தை அரை சுரம் இறக்கிப் பாடிவிட்டாள். நான் பாஸ்டர் முன்னால் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். அன்றிலிருந்து என்னைச் சீண்ட வேண்டும் என்றால் அடுப்படியிலிருந்து அந்தப் பாட்டை எடுப்பாள். முதல் மூன்று அடி சுத்தமாக வரும். நாலாவது அடியில் வேண்டுமென்றே இறக்குவாள். நான் குளியலறையில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாலும் “சுகி!” என்று கத்திவிடுவேன். அவள் சிரிப்பது தெருமுனை வரைக்கும் கேட்கும். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் எங்கள் சண்டைகளில் பாதி இப்படித்தான் முடிந்திருக்கிறது.

இப்போது அந்த விளம்பரத் துணுக்குக்கு வருகிறேன்.

வீட்டுக்குச் சாமான் கொண்டுவந்து கொடுக்கும் கம்பெனி ஒன்று தன் விளம்பரத்துக்காக ஒரு மெஷினை வைத்து மெட்டுப் போட்டது. ஏழு விநாடி, பதினொரு சுரம். மெஷின் ஆயிரக்கணக்கான மெட்டுகளைப் போட்டு, ஆட்களைக் கேட்க வைத்து, எது மண்டையை விட்டு இறங்கவே இறங்காதோ அதை மட்டும் வைத்துக்கொண்டது. அதன் தந்திரம் ரொம்பச் சின்னது. மெட்டு நிஷாதத்தில் வந்து நின்றுவிடும். இன்னும் ஒரே ஒரு படி ஏறினால் சட்ஜமம், வீடு. காது பொறுக்காமல் தானாகவே அந்தச் சட்ஜமத்தைப் போட்டுக்கொள்ளும். துணுக்கின் முதல் சுரமும் அதே சட்ஜமம்தான். போட்ட கையோடு மறுபடியும் முதலிலிருந்து ஓட ஆரம்பிக்கும். வெளியே போகிற வழி என்று போனால் அதுதான் நுழைவாயில்.

சுகிர்தா அந்தக் கம்பெனியின் புகார் மையத்தில் வேலை பார்த்தாள். ஒவ்வொரு அழைப்பும் அந்தத் துணுக்கோடு தொடங்கும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை கேட்டாள். முதலில் சிரித்தோம், மண்டைக்குள் பாட்டு சுற்றுவது யாருக்குத்தான் வராது. ஒரு மாதத்தில் அவள் அந்தத் தாளத்தில் மாவு பிசைந்தாள். இரண்டாவது மாதம் ஜெபம் செய்யும்போது வார்த்தைகள் அந்தத் தாளத்தில் வந்தன. அப்புறம் தூக்கம் போயிற்று. நாலாவது மாதம் பேச்சை நிறுத்திவிட்டாள், வாயைத் திறந்தால் அதுதான் வெளியே வந்தது. அழுவாள், அழுகையும் அதே தாளத்தில் வரும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வேன், அவள் விரல் என் உள்ளங்கையில் அதைத் தட்டிக்கொண்டே இருக்கும். எனக்குப் பயமாக இருந்தது. வேறு என்ன சொல்ல.

ஊரில் இதற்கு ஒட்டு என்று பெயர் வைத்தார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டுத் துணுக்கை எடுத்துவிட்டது. அதற்குள் ஆயிரக்கணக்கானவர்களின் தலைக்குள் அது குடியேறிவிட்டிருந்தது. காற்றில் இல்லாத ஒன்றை யார் வந்து நிறுத்துவது? ஒருத்தர் முனகினால் பக்கத்தில் இருப்பவருக்கும் தொற்றியது. ஆகவே ஒட்டு பிடித்தவர்களை வண்டலூரைத் தாண்டி, மாணவர்கள் வராமல் மூடிக் கிடந்த ஒரு பொறியியல் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள்.

சுகிர்தாவைக் கூட்டிப் போக வந்தவர் டாக்டர் வஹிதா. வாணியம்பாடிக்காரர், மூளை நரம்பு படித்தவர், சிரிக்கக் கூட நேரம் ஒதுக்காத பெண்மணி. வந்தவர் சுகிர்தாவைப் பார்த்ததை விட என்னைத்தான் அதிகம் பார்த்தார். நாலு மாதம் ஒட்டு பிடித்த ஆளோடு ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு ஏன் தொற்றவில்லை என்று துருவித் துருவிக் கேட்டார். என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். பேய்க்கு இசை என்றேன். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். பத்து நிமிடம் சுகிர்தாவின் விரல் தட்டவில்லை. நாலு மாதத்தில் அது முதல் பத்து நிமிடம்.

“நம்ம காது எப்பவும் ஒரு அடி முன்னால போய் நிக்கும் சார்,” என்றார் டாக்டர். “அடுத்து என்ன வரும்னு ஊகிச்சிட்டே இருக்கும். அந்த ஊகத்தைப் பிடிச்சுத்தான் ஒட்டு தொங்குது. நீங்க எழுதுறது அந்த ஊகத்தையே பட்டினி போடுது.”

அதே மெஷினிடம் சொன்னால் நிமிடத்துக்கு நூறு வரிசை போடுமே என்றேன். போட்டுப் பார்த்துவிட்டார்களாம். மெஷின் கண்டபடி போட்டது காதுக்குத் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி ஆகி, மனசு அதை ஒதுக்கிவிட்டதாம். அடியில் ஒட்டு தன் பாட்டுக்கு ஓடியதாம். ஒரு மனுஷன் எதையோ சொல்ல வருகிறான் என்று காது நீள வேண்டும், நீண்ட காதுக்கு எதுவும் கிடைக்கக் கூடாது. எழுதிய வரிசையைத் திரும்பவும் போடக் கூடாது, பழகிவிடும். தினம் புதிது வேண்டும். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகப் பேய் இல்லாத ஒரு காரியத்துக்கு என்னைக் கேட்கிறார்கள். சரி என்றேன். சுகிர்தாவுக்காக எதற்கும் சரி என்றிருப்பேன்.

அப்படித்தான் உள்ளே போனேன். எனக்குக் கொடுத்தது அந்தக் கல்லூரியின் பழைய லாங்வேஜ் லேப். சுவர் முழுக்கக் கார்க் பலகை, ஆங்கில உச்சரிப்புப் படங்கள், கீபோர்டு, கட்டில், ஒட்டினாற்போல் ஒரு பாத்ரூம். இரட்டைக் கதவு. வெளியில் பூட்டு. இதுவரை ஒட்டு தொற்றவில்லை, இனியும் தொற்றாது என்று எழுதித் தர முடியாது என்றார் டாக்டர். எனக்குத் தொற்றினால் நூற்று நாற்பது பேருக்கு மருந்து நின்றுவிடும். ஃபோன் கிடையாது, டிவி கிடையாது. ஒரே ஒரு கண்ணாடி ஜன்னல். அதன் வழியாக நடைபாதைக்கு அந்தப் பக்கம் வார்டு தெரியும். மூன்றாவது கட்டிலில் சுகிர்தா. காலையில் நான் கையைத் தூக்குவேன், அவள் பார்ப்பாள். சில நாள் அவளும் தூக்குவாள். இருபது அடிதான் தூரம். ஒரு சத்தமும் கேட்காது.

முதல் நாளே நான் ஒரு விதி எழுதினேன். என் கையெழுத்தில், பெரிய எழுத்தில், வார்டு கதவில் ஒட்டச் சொன்னேன்: வளாகத்துக்குள் சுருதிப்பெட்டி கூடாது. நம் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும். கரகரவென்று ஒரு சத்தம் கேட்டாலே அதற்கு அடியில் சட்ஜமத்தை வைத்தால்தான் நிம்மதி. சட்ஜமம் அடியில் ஓடினால் என் பன்னிரண்டு பேரில் ஒருத்தன் முதலாளியாகிவிடுவான், வரிசை குலைந்துவிடும். நோயாளிகளில் ரங்கநாயகி என்று மயிலாப்பூரில் பாட்டு டீச்சராக இருந்த அம்மா ஒருவர், தன் சின்னப் பெட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை வாங்கி ஸ்டோர் ரூமில் பூட்ட வைத்தேன்.

தினமும் இரண்டு வரிசை. ஒவ்வொன்றையும் முக்கால் மணி நேரத்துக்கு விரிக்க வேண்டும். எழுதுவேன், வாசித்துப் பதிவு செய்வேன், மூன்று தடவை திருப்பிக் கேட்பேன். சிவப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு, எந்தச் சுரமாவது முறை வருவதற்கு முன்னால் தலையை நீட்டியிருக்கிறதா என்று தேடுவேன். அதற்கு மேல் நடுவர் என்று ஒரு புரோகிராம் வைத்திருந்தார்கள். எந்த இடத்திலாவது காது உட்கார்ந்துகொள்ளக் கூடிய மாதிரி இருந்தால் பீப் அடித்துத் திருப்பி அனுப்பிவிடும். ஆரம்பத்தில் நாளுக்கு நாலு தடவை பீப் அடித்தது. போகப் போக அடிக்கவே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

சாப்பாடு கொண்டுவருவது நர்ஸ் தவமணி. உசிலம்பட்டிப் பக்கம். கதவு இடுக்கில் தட்டைத் தள்ளிவிட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவாள். முதல் மாதங்களில் அவள் என்னைக் கேலி செய்வதும் நான் பதிலுக்கு வாரிவிடுவதும் நன்றாகவே போயிற்று. அப்புறம் அவள் சரியாகப் பேசுவதில்லை. கேலி செய்கிறாளா, திட்டுகிறாளா என்றே பிடிபடாது. மதுரைப் பக்கத்து வாய் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். அந்தக் கார்க் சுவர் வேறு எல்லார் குரலையும் உறிஞ்சிக்கொண்டது. டாக்டர் பேசினாலும் மின்வாரிய அறிவிப்பு வாசிக்கிற மாதிரிதான் இருக்கும். பூட்டிய அறையில் இருந்தால் இதெல்லாம் சகஜம் என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்து வேலை செய்தது. நாலாவது மாதத்தில் ஒருத்தர் தூங்கினார். ஐந்தாவது மாதத்தில் பதினோரு பேர். ஆறாவது மாதம் ரங்கநாயகி டீச்சர் முழுக்கக் குணமாகி வீட்டுக்குக் கிளம்பினார். என்னைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று ஜன்னலுக்கு வந்தார், இண்டர்காமில் பேசினார். நன்றாகத் தூங்குகிறேன் என்றார், பசிக்கிறது என்றார். நான் பூரித்துப் போனேன். உங்கள் பெட்டி ஸ்டோர் ரூமில் இருக்கிறது, மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

“அதைத் தவமணி கிட்ட குடுத்துட்டேன்,” என்றார் அவர். “எனக்கு எதுக்கு அது இனிமே? நேத்து என் பொண்ணு ஃபோன்ல வந்தா. வார்த்தை எல்லாம் புரியறது. ஆசையாப் பேசறாளா எரிச்சல்ல பேசறாளான்னு தெரியல. பாட்டுப் போட்டுக் காட்டினா. பாத்திரம் கழுவற சத்தம் மாதிரி இருந்தது. உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. தூக்கம் வரதே, அது போறும்.”

அவரும் இதை ஒரே மட்டத்தில்தான் சொன்னார்.

டாக்டர் வஹிதாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். தெரியுமா என்று கேட்டேன். இரண்டு மாதமாகத் தெரியும் என்றார். பாட்டு பாட்டாகக் கேட்பதும், ஒருத்தர் குரலில் இருப்பது கோபமா பிரியமா என்று தெரிவதும், எல்லாம் அந்த ஊகத்தை வைத்துத்தானாம். அதைப் பட்டினி போட்டால் ஒட்டோடு சேர்ந்து அதுவும் செத்துப் போகிறது. போனது திரும்புவதில்லை. குணமானவர்களில் ஒருவருக்குக் கூடத் திரும்பவில்லை.

“இதை எங்கிட்ட மறைச்சீங்களே,” என்றேன்.

“சொன்னா நீங்க எழுத மாட்டீங்க. எழுதலைன்னா அவங்க தூங்க மாட்டாங்க. தூங்காம ரெண்டு பேர் போய்ட்டாங்க சார், உங்களுக்குத் தெரியும். உங்க மனைவி இப்ப முப்பத்தாறு கிலோ. நிறுத்தணும்னா இன்னிக்கே நிறுத்திடலாம், மூணு வாரத்துல ஒட்டு முழுசாத் திரும்பிடும். நீங்களே சொல்லுங்க.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுகிர்தா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மெதுவாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது, பிடிவாதக்காரி. இன்னும் ஆறு மாதம் ஆகலாம் என்றார்கள். விரல் முன்பு போல வேகமாகத் தட்டவில்லை, நின்று நின்று தட்டியது. இவள் செத்துப் போக விடலாமா, அல்லது என் கையாலேயே இவள் காதுக்குள்ளிருந்து பாட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நான் ஆசையாகக் கூப்பிட்டால் கூட அது ஆசை என்று தெரியாத ஒருத்தியாக வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா? அன்று முழுக்க அழுதேன். மறுநாள் காலையில் கீபோர்டைத் திறந்தேன்.

திருட்டுத்தனம் செய்து பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்யாணப் பாட்டின் முதல் அடியை வரிசைக்குள் ஒளித்து வைத்தேன். அவளுக்குள் எங்காவது ஒரு மூலையில் அது தங்கட்டும் என்று. நடுவர் பீப் அடித்தது. துண்டு துண்டாக்கி, இரண்டு கைகளுக்கும் பிரித்து ஒளித்தேன். பீப். ஒன்பது தடவை முயன்றேன். ஒன்பது தடவையும் பிடித்துவிட்டது. பத்தாவது தடவை ஒழுங்கான வரிசையை எழுதினேன், பேசாமல் வாங்கிக்கொண்டது. கதவைப் பூட்டியவர்கள் அவர்கள். வரிசையைப் பூட்டியது நான்தான்.

ஒன்பதாவது மாதம் ஒரு பகலில் டாக்டர் வஹிதா இரண்டு கதவையும் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிட்டார். பின்னால் தவமணி. அவள் கண் சிவந்திருந்தது. டாக்டர் கையில் சுகிர்தாவின் கிராஃப். எல்லாருக்கும் இரண்டு கோடும் ஒன்றாக இறங்கும், ஒட்டும் இறங்கும், பாட்டைப் பாட்டாகக் கேட்கும் காதும் இறங்கும். சுகிர்தாவுக்கு மட்டும் ஒட்டுக் கோடு தரைக்கு வந்துவிட்டது, மற்றக் கோடு போட்ட இடத்தில் அப்படியே நின்றது. மூன்று மாதமாக. ஏன் என்று கட்டிலைச் சோதித்திருக்கிறார்கள். தலையணைக்குப் பின்னால் ரங்கநாயகி டீச்சரின் சுருதிப்பெட்டி, மெல்லிய சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

“என்னய வேலைய விட்டு அனுப்புனாலும் சரிண்ணே,” என்றாள் தவமணி. “எங்கப்பா ஒத்து ஊதுனவரு. நாயனக்காரர் ஊருக்கெல்லாம் ராசா மாதிரி வாசிப்பாரு, எங்கப்பா பக்கத்துல நின்னு ஒரே சுரத்த விடாம ஊதணும். அது இல்லாம நாயனத்த எடுக்கவே மாட்டாரு அவரு. இந்த அக்கா நீங்க போடுறதக் கேட்டுட்டு, விழுந்துருவோமோங்கிற மாதிரி கட்டிலக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கும். எனக்குப் பாக்கப் பொறுக்கல. புடிச்சிக்கிறதுக்கு ஒண்ணு இருக்கட்டுமேன்னு வச்சேன். நீங்க எழுதி ஒட்டுனதப் படிச்சேன். படிச்சிட்டுத்தான் வச்சேன்.”

டாக்டர் என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“துணுக்கு ஏன் சுத்துச்சு? கடைசில சட்ஜமம் கிடைக்காம தேடிச்சு, அதனால சுத்துச்சு,” என்றார். “சட்ஜமம் எப்பவும் காதுல இருந்துட்டே இருந்தா அது எதைத் தேடும்? தேட ஒண்ணுமில்ல. நின்னுடுது. ஊகத்தைக் கொல்லவே தேவையில்ல சார். அதுக்கு வீட்டைக் காட்டினா போதும்.”

அப்படியானால் என் வரிசைகள் என்று கேட்டேன். அவர் கிராஃபை மடித்துக்கொண்டு எழுந்தார். மீதியிருந்த அறுபத்து மூன்று பேருக்கும் அன்றே என் இசையை நிறுத்தி, வெறும் சுருதிப்பெட்டியை மட்டும் வைத்தார்கள். மூன்று வாரத்தில் எல்லாருக்கும் ஒட்டுக் கோடு தரைக்கு வந்தது. ஐநூற்றுச் சொச்சம் வரிசை எழுதியிருந்தேன் நான். மருந்து ஆறு மாதம் ஸ்டோர் ரூமில்தான் இருந்தது, என் உத்தரவில், பூட்டுப் போட்டு. எழுபத்தைந்து பேர் அதற்கு முன்னாலேயே குணமாகி, பாத்திரம் கழுவும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

ஆனாலும் சுகிர்தா தப்பித்தாள். அதை நினைத்தால் மற்றதெல்லாம் பின்னால் போய்விட்டது, பொய் சொல்லவில்லை. என்னையும் ஒரு தடவை சோதித்துவிடலாம் என்று டாக்டர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்கு எதற்கு, நான் நோயாளி இல்லையே என்று சொல்லிவிட்டேன். முதலில் என் மனைவியைப் பார்க்க விடுங்கள் என்றேன்.

பத்தாவது மாதம், ஒரு சனிக்கிழமை காலையில் என் கதவைத் திறந்தார்கள். பழைய சைக்கிள் ஷெட்டுக்குப் பக்கத்தில் சிமெண்ட் பெஞ்சில் சுகிர்தா உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். தலை சீவிப் பூ வைத்திருந்தாள், தவமணியின் கைவேலையாக இருக்கும். மடியில் டீச்சரின் பெட்டி, ஓடாமல் நிறுத்தி வைத்திருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “எபி,” என்றாள். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து என் பெயரை அவள் வாயில் கேட்கிறேன். கேட்டது. தெளிவாகக் கேட்டது. வெளியே கார்க் சுவர் இல்லை, திறந்த வெளி, வேப்ப மரம், வெயில். ஆனாலும் அந்தப் பெயர் மின்வாரிய அறிவிப்பு மாதிரியேதான் வந்தது. பலவீனமாக இருக்கிறாள், குரல் இன்னும் தேறவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கையைப் பிடித்தேன். விரல் தட்டவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தாள்.

எல்லாச் சுரமும் எனக்குக் கேட்டது. ஒவ்வொன்றின் பெயரும் தெரிந்தது. ச, ரி, க, மறுபடியும் ரி. அதற்குள் இரண்டாவது தடவையா? இன்னும் ஒன்பது பேர் நிற்கிறார்கள். மறுபடியும் ச. ப. மறுபடியும் க. என் கை தானாகச் சட்டைப் பையில் சிவப்புப் பென்சிலைத் தேடியது. இரண்டாவது அடி, மூன்றாவது அடி, அதே ஏழு பேர் முண்டியடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தார்கள். இதில் பாட்டு எங்கே இருக்கிறது என்று தேடினேன், எனக்கு அகப்படவில்லை. வேர்த்தது. நாலாவது அடியில் அதுவரைக்கும் வராத ஒரு சுரம் வந்தது. அப்பாடா என்றிருந்தது. முறைப்படி வந்தது அது ஒன்றுதான்.

அவள் அங்கேயே நிறுத்திவிட்டாள். வாய் ஓரத்தை இறுக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். ஏதோ சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறாள் என்று புரிந்தது. பத்து மாதத்துக்குப் பிறகு பாடியிருக்கிறாள், பாராட்ட வேண்டாமா?

“நல்லா இருந்துச்சு சுகி,” என்றேன். “அதுலயும் அந்த நாலாவது அடி ரொம்ப நல்லா இருந்துச்சு.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

சுகிர்தா சிரிக்கவில்லை. கையை விலக்கிக்கொள்ளவும் இல்லை. ஷெட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த டாக்டரைப் பார்த்தாள், அவர் தலையைக் குனிந்துகொண்டார். சுகிர்தாவின் தோள் குலுங்கியது. அவள் வாயிலிருந்து சத்தம் வந்தது. சிரிப்பா, அழுகையா என்று நான் அவள் கண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெட்டியின் குமிழைத் திருகி என் மடியில் வைத்து, என் இரண்டு கையையும் எடுத்து அதன் மேல் வைத்தாள். மறுபடியும் முதல் அடியிலிருந்து பாட ஆரம்பித்தாள்.

நான் சுரங்களை எண்ண ஆரம்பித்தேன்.